சமூக நல இலாகாவின் கணக்கு மேசை: ஒரு பிள்ளையின் 200 ரிங்கிட் எந்த வழியாக வருகிறது?

சமூக நல இலாகா என்றதும் நம்மவர்களின் நினைவுக்கு வருபவர், வீடு தேடி வந்து விசாரிக்கும் அதிகாரி. எத்தனை பிள்ளைகள், யார் சம்பாதிக்கிறார்கள், வீட்டு வாடகை எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறவர். அவர் போன பிறகு என்ன நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. "எழுதிக்கிட்டுப் போனாங்க, இன்னும் ஒண்ணும் வரலை" என்ற பேச்சும், "போன மாசம் வந்துச்சு, இந்த மாசம் நின்னு போச்சு" என்ற கவலையும் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலும் உண்டு.

அதிகாரி எழுதிய தாளுக்கும் தாயின் வங்கிக் கணக்கில் ஏறும் பணத்துக்கும் நடுவே ஒரு மேசை இருக்கிறது. அது கணக்குப் பிரிவின் மேசை. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகளை நேரில் பார்ப்பதில்லை. அடையாள அட்டை எண், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு எண், ஒப்புதல் தேதி ஆகியவையே அவர்கள் கண்ணில் படுகின்றன. ஆனால் அவற்றில் ஒன்று தவறினாலும் ஒரு வீட்டில் அந்த மாதம் அரிசிக்கும் பால் மாவுக்கும் வழி தேட வேண்டியிருக்கும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சிரமமில்லை. காலையில் பெரட்டுக்கு நின்று, நாள் முழுக்க வேலை செய்தாலும், கிராணி செக்ரோலில் பேர் போடாவிட்டால் அன்றைய கூலி கிடைக்காது. வேலை நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஏட்டில் இருந்தால்தான் பணம். சமூக நல இலாகாவின் கணக்கு மேசையும் அப்படிப்பட்ட ஓர் ஏடுதான். ஒரு வேறுபாடு, இங்கே பேர் விடுபடுவது வேலைக்குப் போன பெரியவருக்கு அல்ல, தனக்காகக் கேட்கத் தெரியாத ஒரு பிள்ளைக்கு.

பணம் எங்கிருந்து வருகிறது?

சமூக நல இலாகா 1946-இல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு அது. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தோட்டத் தமிழர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பி வராத காலம். தகப்பன் இல்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் இருந்தார்கள். இன்று இந்த இலாகா மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் கீழ் இயங்குகிறது. 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டம் அதன் பணிக்கு முக்கிய அடித்தளம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட அனைவரும் அச்சட்டப்படி சிறார்.

இலாகா கொடுக்கும் பணம் அதிகாரியின் பணமும் அல்ல, அமைச்சரின் பணமும் அல்ல. கூட்டரசின் வருமானம் கூட்டரசுத் திரட்டு நிதியில் சேர்கிறது. நாடாளுமன்றம் ஒப்புதல் தராமல் அதிலிருந்து ஒரு காசும் எடுக்கக் கூடாது என்பது கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் விதி. ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டம் தாக்கல் செய்யப்பட்டு நிறைவேறிய பிறகுதான் அமைச்சுக்கு ஒதுக்கீடு கிடைக்கிறது. அமைச்சு இலாகாவுக்கும், இலாகா மாநில, மாவட்ட அலுவலகங்களுக்கும் அதைப் பிரித்துத் தருகின்றன.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. நமது அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சமூக நலனும் சிறார் பாதுகாப்பும் பொதுப் பட்டியலில் உள்ளன. அதாவது கூட்டரசுக்கும் மாநிலத்துக்கும் அதில் பொறுப்பு உண்டு. அதனால் கூட்டரசுப் பணத்தில் வரும் உதவிகளும் இருக்கின்றன, மாநில அரசுகள் தம் சொந்தப் பணத்தில் நடத்தும் உதவித் திட்டங்களும் இருக்கின்றன. இரண்டுக்கும் தனித்தனி ஏடு. ஒன்றில் மிஞ்சியதை எடுத்து இன்னொன்றில் குறைந்ததை நிரப்ப முடியாது.

கூட்டரசுப் பணத்துக்கு உள்ளேயும் தடுப்புகள் உண்டு. அரசாங்கக் கணக்கில் செலவுகள் ஐந்து பெரிய எண்களின் கீழ் பிரிக்கப்படுகின்றன. ஊழியர் சம்பளம் 10000. சேவைகளும் பொருள் வாங்குவதும் 20000. மேசை, கட்டில், வாகனம் போன்ற சொத்துகள் 30000. உதவித் தொகைகளும் நிலையான கொடுப்பனவுகளும் 40000. மற்றவை 50000. பிள்ளைகளுக்கான மாத உதவி 40000-இல் வருகிறது. அலுவலகத்துக்குப் புதிய நாற்காலி வேண்டும் என்பதற்காக அதில் கைவைக்க முடியாது. ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டுமானால் அதற்கென்று உள்ள அதிகாரிகளின் எழுத்துபூர்வமான அனுமதி தேவை.

ஆகவே "அலுவலகத்தில் பணமே இல்லையாம்" என்று ஒருவர் சொல்லக் கேட்டால், அது அந்த உதவிக்கான ஒதுக்கீட்டைக் குறிக்கலாம். மற்ற ஒதுக்கீடுகளில் பணம் இருந்தாலும் அதை எடுத்துத் தரும் உரிமை மாவட்ட அலுவலகத்துக்கு இல்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கணவரை இழந்த ஒரு தாய் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஐந்து பிள்ளைகள். வயது 3, 5, 8, 10, 13.

சிறார் உதவித் தொகை, 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டபடி, ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைக்கு மாதம் 250 ரிங்கிட். முன்பு அது 200 ரிங்கிட். 7 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு 200 ரிங்கிட். முன்பு அது 150 ரிங்கிட். ஒரு குடும்பத்துக்கு உச்ச வரம்பு 1,000 ரிங்கிட்.

அந்தத் தாயின் குடும்பம் முழுத் தகுதி பெற்றதாகக் கொண்டால், சிறிய பிள்ளைகள் இருவருக்கும் 500 ரிங்கிட். மூத்த மூவருக்கும் 600 ரிங்கிட். கூட்டினால் 1,100. ஆனால் வரம்பு 1,000 என்பதால் கணக்கில் ஏறுவது 1,000 ரிங்கிட் மட்டுமே. "பக்கத்து வீட்டுக்குப் பிள்ளைக்கு இவ்வளவு, எனக்கு ஏன் குறைவு?" என்ற மனக்கசப்பு சில சமயம் எழுவதற்கு இந்த வரம்பும் ஒரு காரணம்.

அடுத்த ஆண்டுகளில் கணக்கு மாறிக்கொண்டே போகும். ஐந்து வயதுப் பிள்ளை ஏழு வயதை எட்டும்போது அதன் பங்கு 250-லிருந்து 200 ஆகிறது. பதின்மூன்று வயது மகன் வயது வரம்பைக் கடந்ததும் அவன் பெயர் பட்டியலிலிருந்து விலகுகிறது. வீட்டில் யாரும் எந்தத் தவறும் செய்திருக்க மாட்டார்கள். ஒரு பிள்ளைக்குப் பிறந்த நாள் வந்திருக்கும், அவ்வளவுதான். கணக்கு மேசையில் ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த தேதியும் இப்படித்தான் வேலை செய்கிறது. தொகை குறைந்தால் யாரோ வெட்டிவிட்டார்கள் என்று எண்ணுவதற்கு முன், வீட்டில் யாருக்கு ஏழு வயது ஆனது என்று பார்ப்பது நல்லது.

ஒருவரே எல்லாம் செய்ய முடியாது

அரசாங்கப் பணத்தைக் கையாள்வதில் ஓர் அடிப்படை விதி உண்டு. விசாரித்தவரே ஒப்புதல் தந்து, அவரே பணத்தையும் கொடுக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து விசாரிப்பவர் ஒருவர். அவருடைய அறிக்கையைப் படித்து ஒப்புதல் தருபவர் வேறொருவர். பணம் செலுத்தும் பற்றுச்சீட்டைத் தயாரிப்பவர் இன்னொருவர். அதைச் சரிபார்த்துக் கையெழுத்திடுபவர் மற்றொருவர். கடைசியில் பணம் கூட்டரசின் கணக்குகளைப் பராமரிக்கும் தேசியக் கணக்காளர் இலாகாவின் முறைவழியாக வங்கிக்குப் போகிறது.

இதைக் கேட்கும்போது தாமதத்துக்கென்றே செய்த ஏற்பாடு போலத் தோன்றலாம். பசியோடு இருக்கும் வீட்டுக்கு நான்கு கையெழுத்து எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. இந்தக் கைகள் பிரிந்திராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இல்லாத பிள்ளையின் பெயரில் பணம் எடுக்கலாம். வேண்டியவருக்கு முதலில் கொடுத்து, வேண்டாதவரைக் காக்க வைக்கலாம். "உங்களுக்கு வாங்கித் தருகிறேன், எனக்குப் பாதி" என்று ஒரு தரகர் நுழையலாம். பணம் நேராகத் தாயின் வங்கிக் கணக்குக்குப் போவதும், ஒவ்வொரு தொகைக்கும் பின்னால் ஒரு பிள்ளையின் ஆவணம் இருப்பதும் இவற்றுக்கு வழி அடைக்கின்றன. பிள்ளையைக் காக்கும் வேலையில் கணக்குக்கும் பங்கு உண்டு என்பது இதனால்தான்.

தாமதத்துக்கும் விதி எல்லை வைத்திருக்கிறது. கருவூல உத்தரவுகளின்படி, அரசாங்க அலுவலகத்துக்கு வந்த ரசீதுகளும் கோரிக்கைகளும் முழுமையாக இருந்தால் 14 நாள்களுக்குள் பணம் செலுத்தப்பட வேண்டும். சிறார் இல்லத்துக்கு மீனும் காய்கறியும் கொண்டுவந்து போடும் வியாபாரிக்கு இந்த விதி உயிர்நாடி. அவருக்குப் பணம் நின்றால் அடுத்த மாதம் அந்தச் சமையலறைக்குப் பொருள் வருவதும் தள்ளாடும்.

அனுப்பிய பணம் ஏன் திரும்பி வருகிறது?

உதவிக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது, பணமும் அனுப்பப்பட்டது. ஆனாலும் தாயின் கணக்கில் ஏறவில்லை. வங்கி அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. இப்படி நடப்பதற்குச் சில காரணங்கள் உண்டு.

முதலாவது, பெயர். நம் பெயர்கள் ரோமன் எழுத்தில் எழுதப்படும்போது ஒரே மாதிரி அமைவதில்லை. லெட்சுமி என்ற ஒரு பெயரையே பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், மைகார்டில் இன்னொரு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதமாகவும் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். ஓர் எழுத்து கூடியிருக்கும், அல்லது 'ஏ/பி' விடுபட்டிருக்கும். தோட்டத்துப் பேச்சில் இது ஒரே பெயர்தான். கணினிக்கு அவர்கள் மூன்று ஆள்கள். அதனால்தான் அடையாள அட்டை எண் முக்கியமாகிறது. அந்த எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் பெயர் சரியாக இருந்தும் பயனில்லை.

இரண்டாவது, உறங்கிப்போன கணக்கு. சில வீடுகளில் எப்போதோ பி.எஸ்.என். வங்கியில் திறந்த சேமிப்புக் கணக்கு இருக்கும். ஆண்டுக்கணக்கில் அதைத் தொடாமல் விட்டிருப்பார்கள். நீண்ட நாள் பணம் போடாமலும் எடுக்காமலும் இருக்கும் கணக்கை வங்கி செயலற்றதாக வகைப்படுத்தும். ஏழு ஆண்டுகள் அப்படியே கிடந்தால் அதில் உள்ள பணம் கோரப்படாத பணமாகக் கருதப்பட்டு, 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசியக் கணக்காளர் இலாகாவின் கீழ் உள்ள பதிவாளருக்குப் போய்விடும். அதைத் திரும்பக் கேட்டு வாங்க முடியும் என்றாலும் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உதவி விண்ணப்பத்தில் அந்தப் பழைய கணக்கு எண்ணை எழுதிக் கொடுத்தால் சிக்கல் அங்கேயே தொடங்குகிறது.

மூன்றாவது, கணக்கின் உரிமையாளர் இறந்துபோவது. தாய் இறந்தால் அவருடைய வங்கிக் கணக்கு முடக்கப்படும். பிள்ளைகளை அதன் பிறகு பாட்டி வளர்க்கலாம். ஆனால் பாட்டியின் பெயர் ஏட்டில் இல்லை. தாயின் ஏ.டி.எம். அட்டை கையில் இருக்கிறதே என்று அதைப் பயன்படுத்திக்கொண்டிருப்பது பிரச்சினையில் முடியும். இறப்பைத் தெரிவித்து, பாட்டியைப் பராமரிப்பாளராகப் பதிந்து, அவர் பெயரிலேயே பணம் வரச் செய்வதுதான் முறை.

திரும்பி வந்த பணம் தொலைந்துபோவதில்லை. அது ஒரு தனிக் கணக்கில் நிற்கும். எந்தப் பிள்ளையின் பணம், ஏன் திரும்பியது என்று கண்டுபிடித்து, விவரத்தைத் திருத்தி, மறுபடியும் பற்றுச்சீட்டு தயாரிக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு இந்த வேலையைச் செய்ய ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஆனால் குடும்பம் கொடுத்த கைப்பேசி எண் மாறியிருந்தால் அழைப்பு போய்ச் சேராது. சிம் அட்டையை அடிக்கடி மாற்றும் வீடுகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கேட்காமலே நிற்பதும், கூடுதலாகப் போவதும்

உதவி ஒருமுறை கிடைத்தால் என்றைக்கும் கிடைக்கும் என்று எண்ணிக்கொள்வது தவறு. குடும்பத்தின் நிலையை இலாகா மறுபடியும் மறுபடியும் பார்க்கும். மூத்த பிள்ளை வேலைக்குப் போயிருக்கலாம். தாய் மறுமணம் செய்திருக்கலாம். குடும்பம் தோட்டத்தை விட்டு வேறு மாவட்டத்துக்குக் குடிபோயிருக்கலாம். மறுபரிசீலனைக்கு வந்த அதிகாரி பூட்டிய வீட்டைப் பார்த்தால், அந்தக் கோப்பு நின்றுபோக வாய்ப்பு உண்டு. தோட்டங்கள் விற்கப்பட்டு மக்கள் பட்டணத்துக்கு நகர்ந்த காலத்திலிருந்து முகவரி மாற்றம் நம் சமூகத்தில் சாதாரணமான ஒன்று. குடிபோகும்போது அடையாள அட்டையில் முகவரியை மாற்றாமல் விடுவதும் அதே அளவுக்குச் சாதாரணம்.

மறுபக்கமும் இருக்கிறது. பிள்ளை ஓர் இல்லத்தில் சேர்க்கப்பட்ட பிறகும் வீட்டுக்கு அந்தப் பிள்ளையின் பங்கு தொடர்ந்து போய்க்கொண்டிருக்கலாம். இல்லத்தில் அந்தப் பிள்ளைக்குச் சோறும் துணியும் அரசாங்கச் செலவில் நடக்கும், வீட்டுக்கும் பணம் போகும். இது கண்டுபிடிக்கப்படும்போது, கூடுதலாகப் போனதைத் திரும்பக் கேட்கும் நிலை வரலாம். செலவழிந்துபோன பணத்தை ஏழைக் குடும்பம் எங்கிருந்து கொண்டு வரும்? வீட்டு நிலை மாறிய உடனே தெரிவிப்பது குடும்பத்தைத்தான் காப்பாற்றும்.

நள்ளிரவில் வரும் பிள்ளை

மாத உதவி கணக்கு மேசையின் ஒரு பகுதி மட்டுமே. பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகள் தங்கும் இல்லங்களின் செலவும் அங்கே பதிவாகிறது.

அடி, பட்டினி, பாலியல் கொடுமை போன்ற ஆபத்திலிருந்து ஒரு பிள்ளையை அதிகாரிகள் மீட்டால், சிறார் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தின் முன் கொண்டு செல்ல வேண்டும். அதுவரையிலும் அதற்குப் பிறகும் பிள்ளை பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும். இப்படி வரும் பிள்ளைகள் பலர் உடுத்திய துணியோடு மட்டும் வருவார்கள். கைக்குழந்தையாக இருந்தால் பால் மாவும் டயப்பரும் அந்த இரவே வேண்டும். அதற்கு விலைப்புள்ளி கேட்டு, ஒப்புதல் பெற்று, பதினான்கு நாள் காத்திருக்க முடியாது.

இதற்காகவே அரசாங்கக் கணக்கில் 'பன்ஜார் வாங் ருன்சிட்' என்ற ஏற்பாடு உண்டு. சில்லறைச் செலவுக்காக அலுவலகத்தில் வைத்திருக்கும் சிறு தொகை அது. செலவு செய்தவர் ரசீதைக் கொண்டுவந்து வைத்தால், செலவான அளவு மறுபடியும் நிரப்பப்படும். பெட்டியில் உள்ள ரொக்கமும் ரசீதுகளின் கூட்டுத் தொகையும் சேர்ந்தால் எப்போதும் முதலில் வைத்த தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். மேலதிகாரி முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்ப்பார். தோட்டத்துச் சுண்டுக்கடையில் பற்று எழுதி வளர்ந்த தலைமுறைக்கு இந்த முறை புதிதல்ல.

இல்லங்களுக்கு மக்கள் கொண்டுவந்து தரும் நன்கொடையும் கணக்கில் சேர வேண்டும். தீபாவளிக்கு முன் அரிசி மூட்டையும் புதுத் துணியும் ரொக்கமும் தருபவர்கள் நம்மில் பலர். ரொக்கம் கொடுப்பவர் அதிகாரபூர்வ ரசீது கேட்டு வாங்குவது மரியாதைக் குறைவு அல்ல. அந்த ரசீதுதான் பணம் பிள்ளைகளுக்கு உரியது என்பதற்கான சாட்சி. பொருளாகத் தந்தால் அது இல்லத்தின் பதிவேட்டில் எழுதப்படுகிறதா என்று பார்க்கலாம். தனியார் நடத்தும் இல்லத்துக்குக் கொடுப்பவர்கள், அந்த இல்லம் 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் சமூக நல இலாகாவில் பதிவு பெற்றதா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கணக்கைக் கேட்பவர் யார்?

கணக்கு மேசைக்கு மேலேயும் கேள்வி கேட்பவர்கள் உண்டு. தலைமைக் கணக்காய்வாளர் பதவி அரசமைப்புச் சட்டத்திலேயே இடம்பெற்ற பதவி. அவருடைய அதிகாரிகள் 1957-ஆம் ஆண்டுக் கணக்காய்வுச் சட்டப்படி அமைச்சுகளின், இலாகாக்களின் ஏடுகளைச் சோதிப்பார்கள். கூட்டலும் கழித்தலும் சரியா என்பதோடு அவர்கள் நின்றுவிடுவதில்லை. பணம் எந்த நோக்கத்துக்காக ஒதுக்கப்பட்டதோ அந்த நோக்கம் நிறைவேறியதா என்றும் பார்ப்பார்கள். அவர்களின் அறிக்கை நாடாளுமன்றத்துக்குப் போகிறது. பொதுக் கணக்குக் குழு அதன்பேரில் அதிகாரிகளை அழைத்து விளக்கம் கேட்கலாம்.

அதே 1957-இல் வந்த நிதி நடைமுறைச் சட்டத்தில் இன்னொரு கடுமையான விதியும் இருக்கிறது. ஓர் அதிகாரியின் கவனக்குறைவால் அரசாங்கத்துக்கு இழப்பு ஏற்பட்டால், அந்த இழப்பை அவருடைய சொந்தப் பணத்திலிருந்து வசூலிக்க முடியும். ஒரு தாள் குறைவாக இருக்கும்போது கணக்கு எழுத்தர் 'பரவாயில்லை' என்று சொல்லித் தள்ளிவிடாததற்கு அவருடைய கல்நெஞ்சம் காரணம் என்று நினைக்க வேண்டியதில்லை. அந்தக் கையெழுத்துக்கு அவர் தனிப்பட்ட முறையில் பொறுப்பு.

இவ்வளவு காவல் இருந்தும் இந்த ஏட்டால் பார்க்க முடியாத ஒரு பிள்ளை உண்டு. அது ஏட்டுக்குள் வராத பிள்ளை. பிறப்பு பதியப்படாத பிள்ளை, குடியுரிமை ஆவணம் இல்லாத பிள்ளை, தாய் தந்தையின் திருமணப் பதிவு இல்லாததால் சிக்கிக்கொண்ட பிள்ளை. பணம் சரியாகக் கொடுக்கப்பட்டதா என்று கணக்காய்வாளர் சோதிக்கலாம். விண்ணப்பமே செய்யாத வீட்டின் பெயர் எந்தப் பற்றுச்சீட்டிலும் இருக்காது. தீபகற்ப மலேசியாவில் பிறப்பை 60 நாள்களுக்குள் பதிய வேண்டும். அதைத் தாண்டினால் தாமதப் பதிவு என்ற நீண்ட வழியில் போக வேண்டியிருக்கும். மருத்துவமனையிலிருந்து பிள்ளையோடு வீடு திரும்பிய அந்த முதல் இரண்டு மாதங்களில் செய்ய வேண்டிய ஒரு காரியம், பின்னால் பள்ளிக்கூடம், மருத்துவம், உதவித் தொகை எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது.

அந்த மேசையில் நம் பிள்ளைகள்

இந்த வேலைக்கு நம் இளையோரும் போகலாம். அரசாங்கத்தில் நிதிப் பிரிவு வேலைகள் 'டபிள்யூ' என்ற எழுத்தில் வகைப்படுத்தப்பட்டுள்ளன. எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கு நிதிப் பிரிவு நிர்வாக உதவியாளர் வேலையும், டிப்ளோமா பெற்றவர்களுக்குத் துணைக் கணக்காளர் வேலையும், கணக்கியல் பட்டதாரிகளுக்குக் கணக்காளர் வேலையும் உண்டு. விண்ணப்பிக்க வேண்டிய இடம் பொதுச் சேவை ஆணையமான எஸ்.பி.ஏ. மலாய் மொழித் தேர்ச்சி கட்டாயம் என்பதால் எஸ்.பி.எம். மாணவர்கள் அதில் அலட்சியம் காட்டக் கூடாது.

தமிழ் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருந்தால் என்ன பயன்? விதியை அவர் வளைக்க முடியாது, வளைக்கவும் கூடாது. ஆனால் மூன்று விதமாக எழுதப்பட்ட லெட்சுமி ஒரே ஆள்தானா என்று எங்கே கேட்டு உறுதி செய்வது என்று அவருக்குத் தெரியும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் பின்னால் வருகிறது என்பதை யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

குடும்பங்கள் செய்ய வேண்டியவை

உதவி பெறுகிற, அல்லது விண்ணப்பிக்க எண்ணுகிற குடும்பங்கள் இவற்றைக் கவனிக்கலாம்:

• விண்ணப்பத்துக்கு முன் மைகார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரையும் எண்ணையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் தேசியப் பதிவு இலாகாவிலோ வங்கியிலோ முதலில் கேளுங்கள்.

• வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பத்து ரிங்கிட் போட்டு எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

• ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் கடன் கொடுத்தவரிடமோ, 'வாங்கித் தருகிறேன்' என்பவரிடமோ கொடுக்காதீர்கள். உதவித் தொகைக்கு விண்ணப்பிக்கத் தரகர் தேவையில்லை. மாவட்ட சமூக நல அலுவலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம்.

• விண்ணப்பம் கொடுத்த தேதி, வாங்கிக்கொண்ட அதிகாரியின் பெயர், கோப்பு எண் ஆகியவற்றை ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை கேட்கப் போகும்போது வாய் வார்த்தையைவிட அந்தப் பக்கம் உதவும்.

• முகவரி, கைப்பேசி எண், திருமணம், வேலை, இறப்பு, பிள்ளை இல்லத்தில் சேர்வது என்று எது மாறினாலும் உடனே தெரிவியுங்கள்.

• பணம் நின்றுபோனால் அடுத்த மாதம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 'திரும்பி வந்ததா, நிறுத்தப்பட்டதா?' என்று நேராகக் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு. திரும்பி வந்திருந்தால் விவரத்தைத் திருத்தினால் போதும். நிறுத்தப்பட்டிருந்தால் காரணத்தைக் கேட்டு, மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

பிள்ளை ஆபத்தில் இருப்பது தெரிந்தால் அதற்கு எந்தத் தாளும் தேவையில்லை. தாலியான் காசே 15999 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். அழைப்பவர் அந்தப் பிள்ளைக்கு உறவினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.